கடுகு தின்ற மாடும் நான்கு கமல்களும்

'மைக்கேல் மதன காமராஜன்' படத்தில் நான்கு கமல்ஹாசன்களும் ஒரே பிரேமுக்குள் வந்து நின்றபோது, அவர்களுக்கு நடுவே ஓடும் கோட்டை யாரும் தேடவில்லை. தனித்தனியே எடுத்து ஒட்டிய படத்தில் கோடு என்று ஒன்று இருந்தே ஆக வேண்டும். 1990 தீபாவளிக்கு வந்த படம் அது. தமிழ் சினிமாவுக்குள் கம்ப்யூட்டர் நுழைந்து வித்தை காட்ட இன்னும் தொடங்கவில்லை. ஒரே ஆளை நாலாகக் காட்ட அன்றைக்கு இருந்தவை கறுப்பு மறைப்பு, லேபில் பிலிமோடு பிலிமைச் சேர்த்துப் பதிக்கும் இயந்திரம், முதுகைக் காட்டி நிற்கும் டூப், இவற்றோடு நிறையப் பொறுமை.

இரட்டை வேடம் தமிழுக்குப் புதிதல்ல. 1940இலேயே 'உத்தமபுத்திர'னில் பி.யு.சின்னப்பா இருவராக வந்துவிட்டார். மறைப்பு வைத்து எடுக்கும் முறை இப்படி: கேமராவுக்கு முன்னால் ஒரு பாதியை மூடிவிட்டு மறுபாதியில் நடிகரை நிறுத்திப் படம் பிடிப்பார்கள். பிறகு அதே பிலிமைத் தொடங்கிய இடத்துக்கே திருப்பிச் சுற்றி, மறைப்பை எதிர்ப்பக்கம் மாற்றி, வேடம் மாற்றிய அதே நடிகரை இன்னொரு முறை பிடிப்பார்கள். பாதிப் பாதியாக இரண்டு தடவை வெளிச்சம் பட்ட பிறகே பிலிம் லேபுக்குப் போகும்.

சங்கதி இவ்வளவுதான் என்று கடந்துவிடலாம். ஆனால் ஒரு கேள்வி இடிக்கிறது. முதல் கமல் நடித்து முடித்துவிட்டார். இரண்டாவது கமல் ஒப்பனை நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பிலிம் இன்னும் கழுவப்படவில்லை. டப்பாவைத் திறந்து வெளிச்சத்தில் காட்டினால் எல்லாம் போச்சு. அப்படியானால் அந்த ஒரு மணி நேரம் முதல் கமல் எங்கே இருக்கிறார்?

வெள்ளிக்குள் இருக்கிறார். பிலிமின் மேல் பூசியிருப்பது ஜெலட்டினும் அதற்குள் சிதறிக் கிடக்கும் வெள்ளி புரோமைடு படிகங்களும். ஒரு படிகம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும். ஆனாலும் நூறு கோடிக்கு மேற்பட்ட அணுக்கள் அதில் அடுக்கடுக்காக இருக்கும். நடிகரின் முகத்தில் பட்டுத் திரும்பிய ஒளித்துகள் ஒன்று அதில் மோதினால் ஒரு எலக்ட்ரான் பிய்த்துக்கொண்டு கிளம்பும். படிகத்துக்குள் அலைந்து ஓரிடத்தில் மாட்டிக்கொள்ளும். அங்கே வெள்ளி அயனி ஒன்று வந்து சேர, ஒரு வெள்ளி அணு பிறக்கும். இப்படி நான்கு அணுக்கள் ஒரே இடத்தில் கூடினால் போதும், அந்தப் படிகம் 'வெளிச்சம் கண்டது' என்று முத்திரை குத்தப்பட்டுவிடும். நூறு கோடியில் நான்கு! எந்த நுண்ணோக்கியில் பார்த்தாலும் உருவம் தெரியாது. பின்னால் லேபில் ரசாயனக் குளியல் போடும்போதுதான் முத்திரை பெற்ற படிகங்கள் முழுசாகக் கறுத்த வெள்ளியாக மாறும். அதுவரை படம் காத்திருக்கும். முதல் கமல் ஒரு மணி நேரம் என்ன, நாள்கணக்கிலும் காத்திருக்கக் கூடியவர்.

எலக்ட்ரான் 'ஓரிடத்தில் மாட்டிக்கொள்ளும்' என்றேனே, அந்த இடம் எது என்பதில்தான் மாடு வருகிறது. 1920களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கோடாக் நிறுவனத்துக்கு ஒரு தலைவலி. ஒரே செய்முறையில் காய்ச்சினாலும் சில தடவை பிலிம் நன்றாக ஒளி வாங்கியது, சில தடவை மந்தமாக இருந்தது. காரணத்தைத் தேடிப் போன சாமுவேல் ஷெப்பர்டு, குற்றவாளி ஜெலட்டின்தான் என்று கண்டார். ஜெலட்டின் மாட்டுத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் வருவது. கடுகுச் செடி மேய்ந்த மாடுகளின் ஜெலட்டினில் கடுகின் காரத்துக்குக் காரணமான கந்தகச் சேர்மம் துளியூண்டு தங்கியிருந்தது. அந்தக் கந்தகம் படிகத்தின் மேல் வெள்ளி சல்பைடு புள்ளிகளை உண்டாக்க, அலையும் எலக்ட்ரானுக்கு அதுவே பொறியாக அமைந்தது. 1925இல் அவர் இதை வெளியிட்டார். அதன் பிறகு மாட்டின் மேய்ச்சலை நம்பாமல் கந்தகத்தை அளந்தே சேர்த்தார்கள்.

கந்தகம் என்றதும் மல்லாங்கிணறு, விருதுநகர், சிவகாசிப் பக்கத்து மூக்குக்கு வேறொரு வாசனை அடிக்கும், பட்டாசு வாசனை. நூறு பங்கு கருமருந்தில் வெடியுப்பு 75, கரி 15, மீதி 10 கந்தகம். பட்டாசு ஆபீஸில் மூட்டையாக வந்து இறங்கும் அதே பொருள், பிலிமில் லட்சத்தில் ஓரிரு பங்கு என்கிற கணக்கில் கலந்திருக்கிறது. அங்கே தீயை விரைவில் பற்ற வைக்கிறது, இங்கே ஓடுகிற எலக்ட்ரானைப் பிடித்து உட்கார வைக்கிறது. இன்னொன்றும் உண்டு. வாணத்தில் ஸ்ட்ரான்சியம் சிவப்பாகவும் பேரியம் பச்சையாகவும் எரிவது, சூட்டில் மேலே ஏறிய எலக்ட்ரான் இறங்கி வரும்போது ஒளியைக் கக்குவதால். பிலிமில் நடப்பது அதற்கு நேர் எதிர். ஒளி வந்து எலக்ட்ரானைக் கிளப்புகிறது. தீபாவளியன்று காலையில் வெடியும் மதியம் சினிமாவுமாகக் கழித்தவர்கள் இரண்டு பக்கத்து எலக்ட்ரானையும் ஒரே நாளில் பார்த்திருக்கிறார்கள்.

ரசாயனம் ஒத்துழைத்தாலும் இயந்திரம் காலை வாரிவிடும். 35 மி.மீ. பிலிமில் ஒரு பிரேமின் அகலம் ஏறத்தாழ 22 மில்லிமீட்டர். தியேட்டர் திரை 12 மீட்டர் என்றால் சுமார் 550 மடங்கு பெரிதாகிறது. திருப்பிச் சுற்றும்போது பிலிம் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு விலகினால், திரையில் இரண்டு கமல்களுக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டர் நடுக்கம் தெரியும். கேமராவைத் தெரியாமல் ஒருவர் உரசினாலும் அதே கதிதான். வெளிப்புறத்தில் சூரியன் வேறு மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. பாலக்காட்டுச் சமையல்காரர் காமேஸ்வரன் வேடத்தைக் கலைத்து தீயணைப்பு வீரர் ராஜுவாக வருவதற்குள் நிழல் திரும்பியிருக்கும்; பக்கத்தில் நிற்கும் சகோதரனின் நிழல் வேறு திசையில் விழுந்தால் ஏமாற்று வேலை அம்பலமாகிவிடும்.

இதையெல்லாம் தாண்டி நடிப்பு இருக்கிறது. என் கணக்கில் கடினமானது இதுதான். எதிரே யாருமில்லை. இன்னும் வராத, அல்லது நடித்துவிட்டுப் போய்விட்ட ஒருவனின் கண் உயரத்தைப் பார்த்துப் பேச வேண்டும்; அவன் வசனத்துக்குச் சரியான இடைவெளி விட வேண்டும். ஒரு விநாடிக்கு 24 பிரேம். கால் விநாடி தப்பினால் ஆறு பிரேம், சிரிப்பு செத்துவிடும். வசனம் கிரேசி மோகனுடையது. கிண்டி பொறியியல் கல்லூரியில் இயந்திரப் பொறியியல் படித்துவிட்டு நாடகத்துக்கு வந்தவர். வார்த்தைகளைப் பல்சக்கரம் போலக் கோர்த்து ஓடவிடுவார். ஒரு பல் நழுவினாலும் வண்டி நின்றுவிடும்.

கடைசியில் மலை விளிம்பில் வீடு ஆடும் காட்சி. அதன் தாத்தா சார்லி சாப்ளினின் 'தி கோல்ட் ரஷ்'. ஷெப்பர்டு கந்தகத்தைக் கண்டு சொன்ன அதே 1925இல் வந்தது. வீட்டின் ஈர்ப்பு மையம் விளிம்புக்கு உள்ளே இருக்கும்வரை வீடு நிற்கும், ஒரு விரல்கடை வெளியே போனால் சாயும். டன் கணக்கில் எடையுள்ள வீட்டை நான்கைந்து பேர் நடந்தே ஆட்ட முடியுமா? மையம் மிகச் சரியாக விளிம்பின் மேலேயே நின்றால் முடியும். அப்படி நிற்கும் வீடு உலகத்தில் கிடைக்காது, சினிமாவில் கிடைக்கும். இத்தகைய காட்சிகளுக்குச் சின்ன மாதிரி வீடு செய்து எடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. 32 மீட்டர் பள்ளத்தில் வீடு விழ இரண்டரை விநாடி ஆகும். அதையே 2 மீட்டர் மாதிரியில் செய்தால் முக்கால் விநாடிக்குள் விழுந்து தீப்பெட்டி என்று காட்டிக்கொடுத்துவிடும். பதினாறில் ஒரு பங்கு மாதிரி என்றால் விநாடிக்கு 96 பிரேம் வேகத்தில் எடுத்து 24இல் ஓட்ட வேண்டும். தீயிடமும் தண்ணீரிடமும் இந்தப் பாச்சா அவ்வளவாகப் பலிக்காது. சுடரின் கொழுந்தும் துளியின் அளவும் மாதிரிக்கு ஏற்றபடி சுருங்குவதில்லை.

படம் வெள்ளி விழா கண்டது. ஆனால் முதல் காட்சியில் சிரிப்புச் சத்தத்தில் வசனங்களில் பாதி யார் காதிலும் விழுந்திருக்காது. மேடையில் கைதட்டல் ஓயும்வரை நடிகர் நிறுத்திக்கொள்வார், பிலிம் நிற்காது. போதாக்குறைக்கு ஒலி தாமதமாக வருகிறது. திருவிழா வாணவேடிக்கையை ஒரு கிலோமீட்டர் தள்ளி மல்லாங்கிணற்றுக் கரிசல் காட்டில் நின்று பார்த்தால் வெளிச்சத்துக்கு மூன்று விநாடி பின்னால்தான் சத்தம் வரும். தியேட்டருக்குள் 34 மீட்டர் பின்னால் உட்கார்ந்தவருக்குப் பத்தில் ஒரு விநாடி தாமதம். முன்வரிசை சிரித்து முடிப்பதற்குள் பின்வரிசை தொடங்கும், அந்த அலைக்கு அடியில் அடுத்த இரண்டு சிலேடைகள் மூழ்கும். சாம்பாரில் மீன் விழுந்த கலவரத்தில் யார் என்ன பேசினார்கள் என்று தெரிந்துகொள்ளவே இரண்டாம் தடவை போனவர்கள் உண்டு.

படத்தில் கைக்கு அகப்பட்டதையெல்லாம் சுருட்டும் பாட்டியாக வந்த எஸ்.என்.லட்சுமி விருதுநகர் பக்கத்துச் சென்னல்குடிக்காரர். அவருக்கு ஒளிப்பதிவு வித்தை எதுவும் தேவைப்படவில்லை.