உப்பளம் அருகிலிருந்தும் அயோடின் குறை

கருவுற்ற தொடக்க மாதங்களில் சிசுவுக்குச் சொந்தத் தைராய்டு சுரப்பி இயங்குவதில்லை. மூளை வளரத் தேவையான தைராக்சின் தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியே வந்தால்தான் உண்டு. தைராக்சினுக்கு அயோடின் வேண்டும் என்பதால் தாயின் அயோடின் தேவை கூடுகிறது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் போதும். கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் 250 வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைக்கு அந்தப் பாலைத் தவிர அயோடினுக்கு வேறு வழியில்லை. பற்றாக்குறை கடுமையானால் கருச்சிதைவு நேரலாம், குழந்தை இறந்தே பிறக்கலாம், பிழைத்த குழந்தையின் அறிவு வளர்ச்சி மீளாதபடி குன்றலாம். குறை மிதமாக இருந்தால் கழுத்து வீங்காமலே போகலாம். யாருக்கும் தெரியாமல் போவதால்தான் இது கூடுதல் கவலைக்குரியது.

கடல் உப்பில் அயோடின் தானாகவே இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். பாத்தியில் விளையும் உப்பில் அது பெயரளவுக்குத்தான் உண்டு; பொட்டாசியம் அயோடேட்டைத் தனியே கலக்க வேண்டும். இந்துப்பும் அப்படித்தான். தூத்துக்குடியும் வேதாரண்யமும் உப்பு விளைவிக்கும் தமிழ்நாடு, 2018-19 தேசிய அயோடின் ஆய்வில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகளின் விகிதத்தில் மிகவும் பின்தங்கியிருந்தது: சுமார் 62 சதவீதம். வேதனையான கணக்கு இது.

கர்ப்பிணி உப்பைக் கூட்டிச் சாப்பிட வேண்டியதில்லை. ரத்த அழுத்தம் உள்ளவர் கூட்டவே கூடாது. பாக்கெட்டில் ‘அயோடின் கலந்தது’ என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்கி, மூடிய டப்பாவில் ஈரம் படாமல் வைத்து, சமையலின் கடைசியில் சேர்த்தால் இழப்பு குறையும். கடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் அயோடினாவது இருக்க வேண்டும் என்பது விதி. அந்தக் குறைந்தபட்ச அளவில் 5 கிராம் உப்பு 75 மைக்ரோகிராம்தான் தரும். மீதியைப் பால், தயிர், முட்டை, கடல் மீன் ஈடுகட்ட வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து மாத்திரையில் அயோடின் இல்லை. தனி மாத்திரை தேவையா என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். தைராய்டு நோயாளிகளுக்கு மருத்துவரின் முடிவு மிக முக்கியம்; மிகையான அயோடினும் சுரப்பியைக் கெடுக்கும்.

அயோடின் சேர்க்காத உப்பை நேரடியாக உண்பதற்கென்று விற்பதை உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை தடை செய்கிறது. மாட்டுக்கும் தோல் பதனிடவும் வந்த உப்பைச் சமையலுக்குத் தள்ளிவிடும் கடைக்காரர் மீது மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் செய்யலாம். வாங்கியவரே கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கேட்கவும் 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆவது பிரிவு இடமளிக்கிறது. குறை உறுதியானால் அந்தக் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.