படத்தின் இடத்தில் ஒளிந்து வரும் கட்டளை

நம் வங்கியின் வாடிக்கையாளர்களில் பலர் இன்று தம் தொழிலுக்கெனச் சொந்த இணையதளம் வைத்திருக்கின்றனர். துணி, மளிகை, பயண ஏற்பாடு எனத் தொழில் எதுவாயினும், பொருள்களின் படங்கள், விலைப்பட்டியல், பணம் செலுத்துவதற்கான கியூஆர் குறியீடு, வாங்கியவர் தம் கருத்தை எழுதுவதற்கான பெட்டி ஆகியவை அத்தளத்தில் இடம்பெறுகின்றன. கடைசியாகச் சொன்ன அந்தச் சிறு பெட்டியே இக்கட்டுரையின் பொருள்.

ஒரு துணி வணிகரின் தளத்தில் புதிய கருத்து ஒன்று வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். துணி நன்றாக இருக்கிறது என்ற ஒரு வரி. அதன் கீழே ஒரு படம். ஆனால் படம் திறக்கவில்லை. படம் கிடைக்கவில்லை என்பதைக் காட்டும் சிறு அடையாளம் மட்டுமே தெரிகிறது. வணிகர் அதைப் பொருட்படுத்தாமல் அடுத்த வேலைக்குச் சென்றுவிடுகிறார். அதன் பின்னர், வாடிக்கையாளர்கள் அத்தளத்தில் செலுத்தும் பணம் அவர் கணக்கிற்கு வந்து சேரவில்லை. கியூஆர் குறியீடு மாறியிருக்கிறது. இது நாம் கற்பனையாகச் சொல்லும் நிகழ்ச்சியே. எனினும் இதில் நடக்க இயலாதது எதுவுமில்லை.

படம் கட்டளையாவது எவ்வாறு?

இணையப் பக்கத்தில் நாம் காணும் படம், தாளில் ஒட்டிய படம் போன்றதன்று. பக்கத்தின் எழுத்துகளுக்கிடையே, கோணக்குறிகளுக்குள், ‘இந்த முகவரியிலிருந்து படத்தைக் கொண்டுவந்து இங்கே காட்டு’ என்ற குறிப்பு இருக்கும். இதனை இமேஜ் டேக் என்பர். பிரவுசர் எனப்படும் உலாவி, குறிப்பைப் படித்தவுடன் அதன்படி செயற்படும். இக்குறிப்பிலேயே, ‘படம் கிடைக்காவிட்டால் இதைச் செய்’ என்ற துணைக் கட்டளையையும் சேர்க்கலாம். வேறொரு படத்தைக் காட்டுவது போன்ற நல்ல நோக்கங்களுக்காக ஏற்பட்ட வசதி இது.

தாக்குபவர் இவ்வசதியைத் தலைகீழாகப் பயன்படுத்துகிறார். ஒருபோதும் படம் கிடைக்காத முகவரியை வேண்டுமென்றே எழுதி, துணைக் கட்டளையின் இடத்தில் தம்முடைய நிரலை வைத்துவிடுகிறார். கருத்துப் பெட்டியில் எழுதியதை எழுத்தாக மட்டும் காட்டாமல் அப்படியே பக்கத்தில் சேர்த்துவிடும் தளமாயின், அதைப் பார்ப்போர் ஒவ்வொருவரின் உலாவியிலும் அந்நிரல் இயங்கும். தளத்தின் உரிமையாளர் எழுதியது எது, அயலார் எழுதியது எது என்று பிரித்தறிய உலாவிக்கு வழியில்லை. இவ்வகைத் தாக்குதலே கிராஸ் சைட் ஸ்கிரிப்டிங் எனப்படுகிறது. 2000ஆம் ஆண்டிலேயே இப்பெயர் வழக்கிற்கு வந்துவிட்டது. வழு இன்னும் மறையவில்லை.

துணி வணிகருக்கு நேர்ந்தது என்ன? வந்த கருத்தைப் பார்வையிட அவர் நிர்வாகியாக உள்நுழைந்திருந்தார். ஆகவே நிரலும் நிர்வாகியின் அதிகாரத்தோடு இயங்கியது. கியூஆர் படத்தை மாற்றியது. கடவுச்சொல்லை எவரும் திருடவில்லை. அதற்குத் தேவையும் எழவில்லை. முகவரிப் பட்டையில் தெரியும் பூட்டு அடையாளமும் இங்கு உதவாது. நமக்கும் தளத்திற்கும் இடையே செல்லும் செய்தியைப் பிறர் படிக்க இயலாது என்பதற்கே அது சான்று. தளத்தின் பக்கத்திலேயே அயலார் கட்டளை கலந்திருப்பதை அது சொல்லாது.

2005ஆம் ஆண்டு தந்த பாடம்

2005 அக்டோபரில், அமெரிக்காவின் மைஸ்பேஸ் என்னும் சமூக வலைத்தளத்தில் சாமி காம்கர் என்னும் இளைஞர் தம் அறிமுகப் பக்கத்தில் ஒரு நிரலைச் சேர்த்தார். அப்பக்கத்தைப் பார்த்தவர்கள் தாமே விரும்பாமல் அவருடைய நண்பர்களாயினர். நிரல் அவர்களுடைய பக்கங்களிலும் படிந்து மேலும் பரவியது. ஏறத்தாழ 20 மணி நேரத்தில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளை அது எட்டியது.

அத்தளம் பாதுகாப்பின்றி இருக்கவில்லை என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது. நிரலுக்குரிய குறிகளையும் ‘ஜாவாஸ்கிரிப்ட்’ என்னும் சொல்லையும் அது நீக்கியே வந்தது. காம்கர் பின்னணிப் படத்தின் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் நிரலை வைத்தார். தடைசெய்யப்பட்ட சொல்லை இரண்டு வரிகளாக உடைத்து எழுதினார். வடிகட்டி அதனை அடையாளம் காணவில்லை. சில உலாவிகளோ இரண்டையும் சேர்த்துப் படித்து இயக்கின. தீயவற்றைப் பட்டியலிட்டுத் தடுப்பவர், பட்டியலில் இல்லாத ஒன்றினால் வீழ்வார் என்பதை அந்நிகழ்ச்சி காட்டியது.

நிரலாளரிடம் கேட்க வேண்டியவை

தளம் வைத்திருப்போர் நிரல் எழுதக் கற்க வேண்டியதில்லை. ஆனால் தளத்தை அமைத்துத் தந்தவரிடம் ஐந்து கேள்விகளைக் கேட்பது அவர்தம் கடமை என்றே கருதுகிறோம்.

முதலாவது, பார்வையாளர் எழுதுவது பக்கத்தில் எழுத்தாக மட்டுமே தோன்றுகிறதா? கோணக்குறி, மேற்கோள்குறி ஆகியவற்றை உலாவி கட்டளையாகக் கொள்ளாதவாறு மாற்றிக் காட்டுவதே முதல் அரண். பெரும்பாலான தளங்களுக்கு இதுவே போதுமான தொடக்கம்.

இரண்டாவது, கருத்தோடு படமும் சேர்க்க இடமளிப்பதாயின், அனுமதிக்கப்பட்டவை மட்டும் ஏற்கப்படுகின்றனவா? படத்தின் முகவரி, விளக்கச் சொல் ஆகிய இரண்டை மட்டும் ஏற்று, துணைக் கட்டளைகள் அனைத்தையும் நீக்க வேண்டும். இதனைத் தாமே எழுத முற்படாமல், டாம்பியூரிஃபை போன்று பலரால் சோதிக்கப்பட்ட கருவியைப் பயன்படுத்துவது நலம்.

மூன்றாவது, பதிவேற்றப்படும் படங்கள் சோதிக்கப்படுகின்றனவா? எஸ்.வி.ஜி. என்னும் படவகை உண்மையில் எழுத்துக் கோப்பாகும். அதனுள் நிரலையும் வைக்க இயலும். ஜேபெக், பி.என்.ஜி. ஆகியவற்றை மட்டும் ஏற்பதும், கோப்பின் பெயரை நம்பாமல் உள்ளடக்கத்தைச் சோதிப்பதும், படத்தை மீண்டும் புதிதாக உருவாக்கிச் சேமிப்பதும் தக்க வழிகள்.

நான்காவது, உள்நுழைவை அடையாளம் காட்டும் குக்கீ, நிரல்கள் படிக்க இயலாதவாறு அமைக்கப்பட்டுள்ளதா? இதற்கென எச்.டி.டி.பி. ஒன்லி என்னும் அமைப்பு உண்டு. நிரல் இயங்கிவிட்டாலும் குக்கீயை அது எடுத்துச் செல்லாதபடி இது தடுக்கும். பிற கேடுகளைத் தடுக்காது என்பதையும் நினைவிற்கொள்க.

ஐந்தாவது, எந்தெந்த நிரல்கள் இயங்கலாம் என்பதை உலாவிக்கு முன்கூட்டியே அறிவிக்கும் உள்ளடக்கப் பாதுகாப்புக் கொள்கை தளத்தில் உண்டா? அதனை முறையாக வகுத்தால், முதல் அரண் தவறிய இடத்திலும் படக்குறிப்பில் ஒளிந்த கட்டளை இயங்காமல் நின்றுவிடும்.

பணம் செலுத்துவோர் செய்யத்தக்கவை

பிறர் தளத்தில் உள்ள வழுவை வாடிக்கையாளர் கண்டறிய இயலாது; அதற்கு அவரைப் பொறுப்பாக்குவதும் முறையன்று. எனினும் இழப்பைத் தவிர்க்கச் சில பழக்கங்கள் துணைசெய்யும். கியூஆர் குறியீட்டை வருடியதும் திரையில் தோன்றும் பெறுநர் பெயரைப் படித்த பின்னரே இரகசிய எண்ணை இடுக. பெயர் பொருந்தாவிட்டால் கடைக்காரரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டறிக. ஓ.டி.பி. செய்தியில் குறிப்பிட்டுள்ள தொகையையும் நோக்கத்தையும் பார்க்காமல் எண்ணை உள்ளிட வேண்டாம். வங்கிப் பணி முடிந்ததும் வெளியேறும் பொத்தானை அழுத்திவிட்டே பக்கத்தை மூடுக. உலாவியை அவ்வப்போது புதுப்பித்து வருக.

தாங்கள் செய்யாத பரிவர்த்தனை எதுவும் கணக்கில் தெரிந்தால், ஒரு நாளும் தாழ்த்தாமல் வங்கிக்குத் தெரிவிக்கவும். வங்கியின் பக்கமோ வாடிக்கையாளர் பக்கமோ தவறின்றி, வேறிடத்தில் நேர்ந்த மீறலால் ஏற்படும் இழப்பை மூன்று வேலைநாள்களுக்குள் தெரிவிப்பவருக்குப் பொறுப்பு ஏதுமில்லை என்பது ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வகுத்த நெறி. ஏமாற்றப்பட்டுத் தாமே அனுப்பிய பணமாயின் நிலைமை வேறு. அப்போது 1930 என்னும் தேசிய உதவி எண்ணை உடனே அழைத்தால், பணம் கைமாறுமுன் நிறுத்திவைக்க வாய்ப்புண்டு.

கடையின் கல்லாப்பெட்டியை அயலார் கையில் எந்த வணிகரும் ஒப்படைப்பதில்லை. இணையதளத்தின் கருத்துப் பெட்டியும் அத்தகைய கவனத்திற்குரியதே. மேற்கண்ட ஐந்து கேள்விகளைத் தங்கள் நிரலாளரிடம் இவ்வாரமே கேட்டு, விடைகளை எழுத்தில் பெற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.