திருவுளச் சீட்டும் மதுக்கடை உரிமமும்

பெங்களூர் ஈஜிபுராவில் நாம் குடியிருக்கும் தெருமுனையில் ஒரு மளிகைக் கடை உண்டு. கடைக்காரர் குப்பத்தை அடுத்த சிற்றூரைச் சேர்ந்தவர். ஆந்திர மாநிலத்தவராயினும் வீட்டில் தமிழ் பேசுபவர். 2024ஆம் ஆண்டு அக்டோபர் மாதத் தொடக்கத்தில் ஒரு நாள் மாலை, அவர் சில அச்சிட்ட தாள்களை நம்மிடம் நீட்டினார். "ஐயா, நீங்கள் மொழிபெயர்ப்பு உத்தியோகம் பார்க்கிறவர். இதிலே கட்டுகிற பணம் திரும்பி வருமா, வராதா? அதை மட்டும் படித்துச் சொல்லுங்கள்" என்றார். உடன்பிறந்தார் நால்வர், தலைக்கு ஐம்பதாயிரமாக இரண்டு லட்சம் ரூபாய் திரட்டியிருந்தனர். அவர் பங்கிற்கு மனைவியின் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிருந்தது.

வராது என்பதே விடை. எனினும் அந்த ஒரு சொல்லோடு நிறுத்த மனம் ஒப்பவில்லை.

ஆந்திர அரசாங்கம் அதுவரை தானே நடத்திவந்த சில்லறை மதுக் கடைகளைக் கைவிட்டு, 3,396 கடைகளுக்குத் தனியாரிடம் மனுக் கோரியிருந்தது. ஒரு மனுவுக்குக் கட்டணம் இரண்டு லட்சம். ஒரே கடைக்குப் பலர் மனுச் செய்தால் மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் சீட்டுக் குலுக்கி எடுப்பர். வந்து குவிந்த மனுக்கள் 89,882. கட்டண வகையில் மட்டும் கஜானாவில் சேர்ந்த தொகை 1,797 கோடி ரூபாய்க்கு மேல். சராசரியாகக் கடை ஒன்றுக்கு இருபத்தாறு மனுக்கள். அதாவது ஏறக்குறைய 53 லட்சம் ரூபாய். சிற்றூர்க் கடை ஒன்றின் ஆண்டு உரிமக் கட்டணமே 50 லட்சந்தான். ஆகவே கடை திறக்கப்படுவதற்கு முன்னரே, கடை கிடைக்காதவர்கள் தந்த பணத்தில் ஓராண்டுக் கட்டணம் வசூலாகிவிடுகிறது.

தெலுங்கானாவின் கணக்கு இதனினும் வியப்பானது. அங்கு 2023இல் 2,620 கடைகளுக்கு ஏறத்தாழ 1,32,000 மனுக்கள் வந்தன. 2025இல் கட்டணத்தை இரண்டு லட்சத்திலிருந்து மூன்று லட்சமாக உயர்த்தினர். மனுக்கள் 95,000 அளவிற்குக் குறைந்தன. வருவாயோ 2,639 கோடியிலிருந்து 2,850 கோடிக்கு மேல் ஏறிற்று!

சீட்டு என்பது ஏழைக்கும் செல்வனுக்கும் பொதுவானது என்று நாம் எண்ணுகிறோம். குடத்துக்குள் கைவிடும் கணத்தில் அது மெய்தான். ஆனால் குடத்தில் யார் எத்தனை ஓலை இட்டனர் என்பதையும் பார்க்க வேண்டுமன்றோ? ஒருவர் இத்தனை மனுக்கள்தாம் போடலாம் என்ற வரம்பு இவ்விரு மாநிலங்களிலும் இல்லை. இருபத்தாறு மனுக்களில் பத்து ஒரே வியாபாரியுடையவை என்று கொள்வோம். அவருக்கு இருபத்தாறில் பத்து வாய்ப்பு. நம் மளிகைக் கடைக்காரருக்கு ஒன்று. இருபது லட்சத்தைச் செலவு எழுதிவிட அவரால் இயலும். இவருக்கோ சங்கிலி ஒன்றுதான்.

பத்தாம் நூற்றாண்டில் இதை நம்மவர் நன்கு உணர்ந்திருந்தனர். முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுக்கள், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. முப்பது குடும்புகளிலும் தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இடுவர். ஒன்றும் அறியாத சிறுவன் ஒருவன் எடுப்பான். எடுத்த ஓலையை வாங்குபவர் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும். விரலிடுக்கில் வேறோர் ஓலை ஒளிந்திருக்கக் கூடாதல்லவா? கணக்குக் காட்டாதவர்க்கும் அவர்தம் சுற்றத்தார்க்கும் குடத்தில் இடமே இல்லை. நிலமும் மனையும் உடையவர்க்கே வாயில் திறந்தது என்ற குறையை நாம் மறைக்கவில்லை. ஆயினும் ஓலை எடுப்பதைக் காட்டிலும் ஓலை இடுவதற்கே அவர்கள் மிகுதியாக விதி வகுத்தனர்.

தமிழ்நாட்டிலும் மதுக்கடைக்குச் சீட்டு இருந்தது என்பதை நேயர்களுள் பலர் மறந்திருக்கலாம். முன்பு கடைகள் ஏலத்தில் விடப்பட்டன. ஏலதாரர்கள் தமக்குள் கூடிப் பேசி விலையைத் தாழ்த்தினர். அதனால் 2001இல் சீட்டு முறை வந்தது. சீட்டு விழுந்தவர் விலகிக்கொண்டு, தாம் விரும்பியவருக்கு விட்டுக் கொடுக்க அதில் வழி இருந்தது. பிறகென்ன? பழைய கூட்டணியே புதிய வேடத்தில் திரும்பிற்று. 2003 நவம்பர் முதல் சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் வசமாயிற்று.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 7,500 மக்களுக்கு ஓர் உரிமம் என்று அளவு வைத்து, மக்கள் பெருகுந்தோறும் புதியவற்றைச் சீட்டில் விடுகின்றனர். மனுக் கட்டணம் நூறு டாலர். ஒரு கவுண்டிக்கு ஒருவர் ஒரே மனுத்தான் போடலாம். இவ்வளவில் அது உத்திரமேரூருக்கு நெருங்கியது. வென்றவர் உரிமத்தைப் பெருவிலைக்கு விற்றுவிட இயலும் என்பது வேறு கதை.

கடைக்காரர், "நம் பெங்களூரில் இப்படிச் சீட்டு இல்லையா?" என்றார். இல்லை. கர்நாடகத்தில் 1992க்குப் பின் புதிய சில்லறைக் கடை, பார் உரிமங்கள் பொதுவாக வழங்கப்படாமையால், இருப்பவையே கைமாறி வந்தன; விலையும் கோடிகளில் ஏறிற்று. ஒதுக்கப்படாது கிடந்த உரிமங்களை மின் ஏலத்தில் விட அரசாங்கம் முடிவெடுத்தது 2025இல்தான். ஏலத்தில் தோற்றவர்க்கு முன்பணமாவது திரும்பும். ஆயினும் அங்கு ஐம்பதாயிரக்காரருக்கு என்ன வேலை?

அவர் தாள்களை மடித்துக் கல்லாப் பெட்டியின் கீழ் வைத்தார். அம்மாதம் 14ஆம் நாள் குலுக்கல் நடந்தது. அதற்கு அடுத்த வாரம் கடைக்குச் சென்றபோது, பால் பைகளுக்காக ஒரு புதிய குளிர்பதனப் பெட்டி வாயிலருகே நின்றது. மீதித் தொகை தம்பிமாரிடமே போயிற்று என்றார். அவர்கள் மனுப் போட்டார்களா என்று நாம் கேட்கவில்லை.