இலவச அஞ்சலும் விளம்பர வாலும்

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பது பழமொழி. ஆயினும், சங்கங்களின் கணக்குகளைப் பார்வையிடும் நமக்கு, இலவசம் என்ற சொல்லைக் கண்டவுடன் அதன் செலவு யார் பெயரில் பற்று எழுதப்பட்டிருக்கிறது என்று தேடுவதே வழக்கம். விளம்பர வருவாயைக் கொண்டு இலவசமாக வழங்கப்படும் மின்னஞ்சல் கணக்குகளை, பலர் கூடிக் கருத்துப் பரிமாறும் இணையக் குழுக்கள் ஏற்கலாமா என்ற வினாவையும் அவ்வாறே ஆராய்வோம்.

1996 ஜூலை 4 அன்று, இந்தியரான சபீர் பாட்டியாவும் அமெரிக்கரான ஜாக் ஸ்மித்தும் கலிபோர்னியாவில் ஹாட்மெயிலைத் தொடங்கினர். கட்டணம் கிடையாது. அதற்கு ஈடாக, அனுப்பும் ஒவ்வொரு மடலின் அடியிலும் நிறுவனத்தின் விளம்பர வரி ஒன்று தானே ஒட்டிக்கொள்ளும். 1997 இறுதிக்குள் எண்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் சேர்ந்தனர். மைக்ரோசாப்ட் அதனைச் சுமார் 40 கோடி டாலருக்கு வாங்கிற்று.

தனி மடலில் ஒரு வரி பாரமாகாது. குழுவிலோ ஒருவர் எழுதுவது அனைவருக்கும் செல்லும். 500 பேர் உள்ள குழுவில் நாளொன்றுக்கு 20 மடல்கள் வந்தால், அவ்வரி 10,000 முறை விநியோகமாகும். தொலைபேசி வழியே இணையம் பெற்றுப் பலர் நிமிடக் கணக்கில் கட்டணம் செலுத்திய காலம் அது. ஆகவேதான் 1995-இல் வெளியான இணைய நடத்தை வழிகாட்டி, கையொப்பப் பகுதி நான்கு வரிக்கு மேற்படலாகாதெனக் கூறிற்று. அனுப்புவோர் பெற்ற இனாமுக்குப் பெறுவோர் பணம் கட்டினர். பொய்ப் பெயரில் எளிதில் கணக்குத் தொடங்கலாம் என்பதும் எதிர்ப்போரின் ஆட்சேபணை. இரண்டும் நியாயமானவையே.

ஆனால் தடை விதித்தால் வெளியே நிற்பவர் யார்? அலுவலகமோ பல்கலைக்கழகமோ முகவரி அளித்தவருக்கு இடரில்லை. நூலகத்திலோ கணினி மையத்திலோ அமர்ந்து எழுதும் எளியவருக்கு இலவசக் கணக்கன்றி வேறு வழியில்லை. 1844-இல் ராக்டேல் நகரில் கூட்டுறவுக் கடை திறந்த 28 முன்னோடிகளில் நெசவாளர் பலர் உண்டு. அவர்கள் வழிவந்த நம் இயக்கத்தின் முதற் கொள்கை, தன்விருப்பத்துடன் கூடிய திறந்த அங்கத்துவம். பணமுடை காரணமாக ஒருவரை வாயிலில் நிறுத்துவது அக்கொள்கைக்கு ஒவ்வாது.

எனவே அங்கத்தினரைச் சேர்த்துக்கொள்க. விளம்பரத்தை வெட்டுக என்பதே நமது அபிப்பிராயம். மடலின் அடி வரிகளை நீக்கி அனுப்பக் குழுவின் மென்பொருளிலேயே வழி செய்யலாம். புதியவரின் முதற் சில மடல்களைப் பொறுப்பாளர் பார்த்தபின் விடுத்தால் பொய்ப் பெயரினரும் அகப்படுவர்.

இன்று பெரும்பாலான இலவசச் சேவைகள் விளம்பரத்தைக் கணக்கு வைத்திருப்பவருக்கே காட்டுகின்றன. மடலில் ஒட்டுவது அரிது. எனினும் செலவு மறைந்துவிடவில்லை. 2004-இல் வந்த ஜிமெயில், விளம்பரம் பொருத்துவதற்காக மடல்களை இயந்திரத்தால் படித்து வந்தது. அதனைக் கைவிடுவதாக 2017-இல்தான் அறிவித்தது. சில கைப்பேசிகள் இன்றும் தம் பெயரை மடலடியில் பொறிக்கின்றன. அமைப்புகளிற் சென்று அதனை நீக்கிவிடலாம்.

அங்கத்தினர்கள் இலவசத்தைப் பயன்படுத்துக. ஆனால் அதன் பற்று எவர் கணக்கில் ஏறுகிறதென்று பார்த்துக்கொள்க. அது பிறர் கணக்கில் ஏறாதிருக்கச் செய்வதே கூட்டுறவு.