ஓட்டுச்சீட்டு புத்தகமான தொகுதி

மின்னணு இயந்திரம் வருவதற்கு முன்பு ஓட்டுப் போட்டவர்களுக்கு அந்தச் சீட்டு நன்றாக நினைவிருக்கும். ஒரே ஒரு தாள். மறைப்புக்குள் போய், ரப்பர் முத்திரையை மையில் ஒற்றி, பிடித்த சின்னத்துக்கு நேரே குத்துவோம். மை இன்னொரு சின்னத்தில் ஒட்டிவிடாதபடி பார்த்து மடித்து, பெட்டியின் வாயில் நுழைத்துவிட்டு வருவோம். அரை நிமிட வேலை.

1996 சட்டமன்றத் தேர்தலில் ஈரோட்டுக்குத் தெற்கே உள்ள மொடக்குறிச்சித் தொகுதியில் வாக்காளர் கைக்கு வந்தது தாள் அல்ல, புத்தகம். பக்கம் பக்கமாகப் பெயர்கள். தன் வேட்பாளர் எந்தப் பக்கத்தில் இருக்கிறார் என்று புரட்டித் தேடி முத்திரை குத்த வேண்டும். வழக்கமான பெட்டி அந்தப் புத்தகத்துக்குப் போதாது. பெரிய பெட்டிகள் தேவைப்பட்டன. அச்சடிக்கவும் ஏற்பாடு செய்யவும் நேரம் வேண்டியிருந்ததால், தேர்தலே ஏறத்தாழ ஒரு மாதம் தள்ளிப்போனது. களத்தில் இருந்தவர்கள் 1,033 பேர். தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் மொத்த இடங்களே 234தான்.

இத்தனை பேரும் பதவி ஆசையில் வந்தவர்கள் அல்லர். பெரும்பாலோர் விவசாயிகள். தங்கள் குறைகளை எந்த ஆட்சியும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்பதை நாட்டுக்குத் தெரிவிக்க, விவசாயிகள் சங்கத்தினர் கண்டுபிடித்த வழி அது. ஊர்வலம் போனால் மறுநாள் மறந்துவிடுவார்கள். வேட்புமனுவை அப்படி மறக்க முடியாது. அதைச் சட்டப்படி வாங்கியாக வேண்டும், பரிசீலித்தாக வேண்டும், பெயரை அச்சிட்டாக வேண்டும்.

கொங்கு நாட்டு விவசாயிகளின் போராட்டத்துக்கு நீண்ட கதை உண்டு. யூனிட்டுக்கு ஒரு பைசா மின்கட்டண உயர்வை எதிர்த்த போராட்டத்தில், 1970 ஜூன் 19 அன்று திருப்பூரை அடுத்த பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். 1972ல் நாராயணசாமி நாயுடு தலைமையில் மாட்டுவண்டிகளைக் கொண்டுவந்து கோவை நகரத்தையே நிறுத்திக் காட்டினார்கள். கிணற்றுப் பாசனத்தை நம்பிய வட்டாரத்தில் மின்கட்டணம் என்பது தண்ணீரின் விலை. அதனால்தான் ஒரு பைசாவுக்கு அவ்வளவு கோபம். வண்டியை நடுரோட்டில் நிறுத்தத் தெரிந்தவர்களின் பிள்ளைகள், 1996ல் ஓட்டுச்சீட்டின் குறுக்கே நின்றார்கள் என்றுதான் நான் அதைப் பார்க்கிறேன்.

அன்றைக்குச் சட்டமும் இடம் கொடுத்தது. 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, சட்டமன்றத்துக்கு நிற்பவர் கட்ட வேண்டிய டெபாசிட் 250 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர்களுக்கு அதில் பாதி. நாற்பத்தைந்து ஆண்டுகளாக அந்தத் தொகை ஏறவே இல்லை. 1951ல் அது பெரிய பணம். 1996ல், சங்கம் மனது வைத்தால் ஆயிரம் பேருக்குத் திரட்டிவிடக்கூடிய பணம்.

முடிவில் தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன் 64,436 வாக்குகள் பெற்று வென்றார். அ.தி.மு.க.வின் ஆர்.என்.கிட்டுசாமிக்கு 24,896. வித்தியாசம் 39,540. ஏறக்குறைய எல்லா வேட்பாளர்களும் டெபாசிட்டை இழந்தார்கள். 88 பேருக்கு ஒரு வாக்குகூட விழவில்லை. இந்த 88ஐ அப்போதும் பின்னாலும் பலர் சிரிப்புச் செய்தியாகவே சொன்னார்கள். எனக்கு அதில் சிரிக்க ஒன்றும் தெரியவில்லை. அவர்கள் கேட்டது ஓட்டை அல்ல. புத்தகத்தில் ஒரு வரி கேட்டார்கள், அது கிடைத்தது.

அதே 1996ல் மக்களவைத் தேர்தலிலும் இப்படி நடந்தது. அன்றைய ஆந்திரத்தின் நல்கொண்டாவில் 480 பேர் நின்றார்கள். எலும்பை வளைக்கும் ஃபுளோரைடு கலந்த தண்ணீரைக் குடித்துக் குடித்து முடங்கிய ஊர்களின் குரல் அந்தப் பட்டியலில் இருந்தது. கர்நாடகத்தின் பெல்காமில் 456 பேர்.

பதில் விரைவாக வந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் முதல் சட்டம் திருத்தப்பட்டது. சட்டமன்ற டெபாசிட் 250லிருந்து 5,000 ரூபாயாகவும், மக்களவைக்கு 500லிருந்து 10,000 ரூபாயாகவும் ஏறியது. அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும். சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும் என்று ஆனது. ஒருவர் இரண்டு தொகுதிகளுக்கு மேல் நிற்கக் கூடாது என்றும் விதி வந்தது. 2010 பிப்ரவரி முதல் டெபாசிட் மறுபடியும் கூடி, சட்டமன்றத்துக்கு 10,000, மக்களவைக்கு 25,000 ரூபாய் ஆனது. மொடக்குறிச்சியின் 1,033 பேரும் இந்தக் கணக்கில் நிற்க வேண்டுமானால் ஒரு கோடி ரூபாய்க்கு மேல் வேண்டும். தேர்தலை நடத்த முடியாத அளவுக்குப் பட்டியல் நீளக் கூடாது என்ற தேர்தல் ஆணையத்தின் கவலை நியாயமானதுதான். ஆனால் திருத்தங்கள் எல்லாம் பட்டியலின் நீளத்தைக் குறைக்க வந்தவை. அவர்கள் எதற்காக நின்றார்கள் என்ற கேள்விக்கு அவற்றில் விடை இல்லை.

அதனால் அந்த வழி முற்றிலும் மூடிப்போகவும் இல்லை. 2019 மக்களவைத் தேர்தலில் தெலங்கானாவின் நிஜாமாபாத்தில் 185 பேர் நின்றார்கள். அவர்களில் 178 பேர் விவசாயிகள். கோரிக்கை, மஞ்சளுக்கு வாரியமும் கட்டுப்படியான விலையும். ஈரோட்டு மஞ்சள் மண்டியை அறிந்த எவருக்கும் அந்தக் கோரிக்கையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் 12 ஓட்டுப்பதிவுக் கருவிகளை வரிசையாக இணைத்து வைத்தார்கள். அன்றைய முதலமைச்சரின் மகள் கவிதா அங்கே தோற்றார். தேசிய மஞ்சள் வாரியம் 2023ல் அறிவிக்கப்பட்டு, 2025 ஜனவரியில் நிஜாமாபாத்திலேயே தொடங்கப்பட்டது. மொடக்குறிச்சிக்குப் பக்கத்திலேயே, 2023 ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலில் 77 பேர் நின்றபோது ஐந்து கருவிகள் தேவைப்பட்டன. இப்போதைய இயந்திரம் ‘நோட்டா’வையும் சேர்த்து 384 பெயர்கள்வரை தாங்கும். அதைத் தாண்டினால் மறுபடியும் காகிதம்தான்.

மொடக்குறிச்சியின் மற்றத் தேர்தல்கள் தமிழ்நாட்டின் காற்று வீசிய பக்கமே பெரும்பாலும் சாய்ந்தவை. 1989ல் தி.மு.க. சார்பில் அ.கணேசமூர்த்தி, 2001ல் அ.தி.மு.க., 2006ல் தி.மு.க. கூட்டணியில் காங்கிரஸ். 1996ல் தோற்ற கிட்டுசாமி 2011ல் வென்றார். 2016லும் அ.தி.மு.க.

இந்தத் தொகுதியின் கதையைத் தொடக்கத்திலிருந்து சொன்னால் சுப்புலட்சுமி ஜெகதீசன் பெயர் திரும்பத் திரும்ப வரும். 1977ல் இதே தொகுதியில்தான் அவர் முதலில் வென்றார், அப்போது அ.தி.மு.க.வில் இருந்தார், எம்.ஜி.ஆர். அமைச்சரவையில் அமைச்சரும் ஆனார். பின்னர் தி.மு.க.வுக்கு வந்து மாநில அமைச்சர், திருச்செங்கோடு எம்.பி., மத்திய இணை அமைச்சர் என்று வளர்ந்தார். 2004ல் திருச்செங்கோட்டில் அவரிடம் தோற்றவர் எடப்பாடி பழனிசாமி.

2021ல் சுப்புலட்சுமி மொடக்குறிச்சிக்கே திரும்பி வந்து நின்றார். மாநிலம் முழுக்கத் தி.மு.க. அணி வென்ற தேர்தல் அது. எதிரே அ.தி.மு.க. கூட்டணியில் பா.ஜ.க.வின் மருத்துவர் சி.சரஸ்வதி. எண்ணி முடித்தபோது சரஸ்வதிக்கு 78,125, சுப்புலட்சுமிக்கு 77,844. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு பா.ஜ.க. தமிழ்நாட்டுச் சட்டமன்றத்துக்குள் நுழைந்த நான்கு இடங்களில் மொடக்குறிச்சியும் ஒன்று. 2022 செப்டம்பரில் சுப்புலட்சுமி கட்சியை விட்டே விலகியதாக அறிவித்தார்.

ஆயிரத்துக்கும் மேற்பட்ட எதிர்வேட்பாளர்களுக்கு நடுவே 39,540 வாக்குகளில் அவரை வெல்ல வைத்த ஊர், கால் நூற்றாண்டு கழித்து அவரைத் திருப்பி அனுப்பியது 281 வாக்குகளில்.