வணிகரின் பாய்களுக்காகத் தூது அனுப்பிய நகரம்

ஊருக்கு உதவியவரை ஊர் கூடிப் பாராட்டும் வழக்கம் இல்லாத நாடு உலகில் இல்லை. ஆனால் அந்தப் பாராட்டுக்குச் சட்டமும் நடைமுறையும் வகுத்து, யாருக்கு, எதற்காக, எந்த அளவில், யாருடைய ஒப்புதலோடு அது வழங்கப்பட்டது என்பதைக் கல்லில் பொறித்துப் பொதுவிடத்தில் நிறுத்திய சமூகங்கள் சிலவே, அவற்றுள் கி.மு. 4ஆம் நூற்றாண்டின் ஏதென்ஸ் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கது. அங்கே ஒருவருக்கு மரியாதை செய்ய வேண்டுமென்றால், குடிமகன் ஒருவர் அதை முன்மொழிய வேண்டும். 500 பேர் கொண்ட ஆலோசனைச் சபை அதை முன்கூட்டியே பரிசீலிக்க வேண்டும். பிறகு, வயது வந்த ஆண் குடிமக்கள் அனைவரும் கலந்துகொள்ளும் உரிமை பெற்றிருந்த மக்கள் அவை கையுயர்த்தி அதை ஏற்க வேண்டும். இவ்வாறு நிறைவேறிய தீர்மானங்களில் கணிசமானவை பளிங்குக் கற்களில் வெட்டப்பட்டமையால் இன்றும் நமக்குப் படிக்கக் கிடைக்கின்றன. பாராட்டப்படுபவர் செய்த காரியம் இன்னது என்று முதலில் கூறி, அதன்பின் பாராட்டையும் மரியாதைகளையும் வரிசைப்படுத்தி, கடைசியில் கல்லை வெட்டி நிறுத்தும் பொறுப்பையும் அதற்கான செலவையும் குறிப்பிடுவது அவற்றின் பொது அமைப்பாகும்.

இத்தகைய கற்களுள் சைப்ரஸ் தீவின் சலாமிஸ் நகரத்து வணிகரான ஹெராக்ளெய்டீஸ் என்பவருக்காக எழுப்பப்பட்ட கல் தனிக் கவனத்துக்கு உரியது. ஏதென்ஸுக்கு எதிரே பெரும் கடற்போர் நிகழ்ந்த சலாமிஸ் தீவு வேறு, இந்த சலாமிஸ் வேறு; இவர் ஏதென்ஸின் குடிமகன் அல்லர், கடல் கடந்து சரக்கு கொண்டுவந்த வெளியூர் வியாபாரி. ஏதென்ஸைச் சூழ்ந்த அட்டிக்கா நிலப்பகுதி ஆலிவுக்கும் திராட்சைக்கும் ஏற்றதேயொழிய, பெருகியிருந்த மக்களுக்குப் போதிய தானியம் அங்கே விளையவில்லை என்பதால், நகரத்தின் அன்றாட உணவே கப்பல்களை நம்பி இருந்தது. கருங்கடலின் வடகரையிலிருந்த பாஸ்போரஸ் அரசிலிருந்து மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 4 லட்சம் மெடிம்னோஸ் தானியம் வந்ததாகவும், பிற இடங்கள் அனைத்திலிருந்தும் வந்த மொத்தத்துக்கு அது ஈடானது என்றும் சொற்பொழிவாளர் டெமோஸ்தெனீஸ் கூறுகிறார். மெடிம்னோஸ் என்பது சுமார் 52 லிட்டர் கொள்ளும் முகத்தல் அளவை. அதில் 48 கோய்னிக்ஸ் அடங்கும். ஒரு கோய்னிக்ஸ் தானியம் ஓர் ஆளின் ஒரு நாள் உணவாகக் கணக்கிடப்பட்டது.

கி.மு. 330ஐ ஒட்டிய ஆண்டுகளில் கிரேக்க நாடெங்கும் கடும் தானியத் தட்டுப்பாடு நிலவியது. வட ஆப்பிரிக்கக் கரையிலிருந்த சைரீனி நகரம் அப்போது எந்தெந்த ஊருக்கு எவ்வளவு தானியம் அனுப்பியது என்று பட்டியலிட்டு வெட்டிய கல்லொன்றில், ஏதென்ஸுக்கு மட்டும் ஒரு லட்சம் மெடிம்னோஸ் என்று காணப்படுகிறது. வழக்கமாக 5 ட்ரக்மா விலையில் விற்ற ஒரு மெடிம்னோஸ் கோதுமை, ஒரு கட்டத்தில் 16 ட்ரக்மா வரை ஏறியது; அக்காலத்தில் கைதேர்ந்த தொழிலாளி ஒருவரின் நாட்கூலி 2 அல்லது இரண்டரை ட்ரக்மா என்பதை நினைத்தால் இந்த ஏற்றத்தின் கொடுமை விளங்கும். பதுக்கி வைத்திருந்தால் மூன்று பங்கு விலை பெறலாம் என்ற அந்தச் சூழலில், வணிகர்களுள் முதல் ஆளாகக் கப்பலோடு வந்து சேர்ந்த ஹெராக்ளெய்டீஸ், தாம் கொண்டுவந்த 3,000 மெடிம்னோஸ் தானியத்தை 5 ட்ரக்மா விலைக்கே ஏதென்ஸ் மக்களுக்குக் கொடுத்தார். அது 1,44,000 பேருக்கு ஒரு நாள் உணவு. 16 ட்ரக்மா விலையில் விற்றிருந்தால் அவருக்குக் கூடுதலாகக் கிடைத்திருக்கக்கூடிய தொகை 33,000 ட்ரக்மா. பின்னர் நகரம் தானியம் வாங்குவதற்காகப் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டியபோதும் அவர் 3,000 ட்ரக்மா அளித்தார். முதலில் வந்தவர் என்பது, அளவு, விலை, பிந்தைய நன்கொடை ஆகிய நான்கையும் கல்வெட்டு தனித்தனியே குறிப்பிடுகிறது. வள்ளல், கருணையாளர் என்ற பொதுப் புகழ்ச்சியோடு நின்றிருந்தால், 2,300 ஆண்டுகளுக்குப் பின் அவர் செய்ததை எவரும் அறிந்திருக்க இயலாது.

அதே கல்லில் உள்ள மற்றொரு தீர்மானம், பாராட்டு என்பது வெறும் சொல்லன்று என்பதைக் காட்டுகிறது. ஹெராக்ளெய்டீஸ் ஏதென்ஸை நோக்கி வந்துகொண்டிருந்தபோது, கருங்கடற்கரையிலிருந்த ஹெராக்ளியா நகரத்தார் அவருடைய கப்பலின் பாய்களைப் பறித்துக்கொண்டனர். காற்றை நம்பி ஓடும் சரக்குக் கப்பலுக்குப் பாய் போனால் பிழைப்பே போயிற்று. இதை அறிந்த ஏதென்ஸின் மக்கள் அவை, தூதர் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவருக்கு 50 ட்ரக்மா வழிச்செலவும் கொடுத்து, ஹெராக்ளியாவின் ஆட்சியாளர் டயோனிசியஸிடம் சென்று அந்தப் பாய்களைத் திருப்பித் தரும்படியும், இனி ஏதென்ஸுக்கு வரும் எவருக்கும் தீங்கிழைக்க வேண்டாமென்றும் கேட்குமாறு பணித்தது. தனக்கு உதவிய வெளியூர் வணிகர் ஒருவரின் பாய்களுக்காக ஒரு நகர அரசு வேற்று நாட்டு ஆட்சியாளரிடம் தூது அனுப்பியது, மாலையும் பொன்னும் தருவதைக் காட்டிலும் மேலான மரியாதை என்றே கொள்ள வேண்டும்.

பொன்னும் இல்லாமல் இல்லை. 500 ட்ரக்மா மதிப்புள்ள பொன் முடி, அதாவது தேர்ந்த தொழிலாளியின் 200 நாள் கூலிக்குக் குறையாத பொருள், அவருக்குத் தீர்மானிக்கப்பட்டது. அதோடு அவரும் அவர் வழித்தோன்றல்களும் ‘ப்ரோக்ஸெனோஸ்’ என்ற பொறுப்பைப் பெற்றனர். தம் சொந்த ஊரில் இருந்தபடியே ஏதென்ஸின் நலனைக் கவனித்து, அங்கு வரும் ஏதென்ஸ் நகரத்தாருக்குத் துணைநிற்பவருக்கு அப்பெயர் வழங்கும். நிலமும் வீடும் வாங்கும் உரிமையும் தரப்பட்டது. ஏதென்ஸில் பல ஆண்டுகள் வாழ்ந்து, அங்கேயே தொழில் நடத்திய வெளியூராருக்குக்கூட ஒரு முழ நிலமும் சொந்தமாக வாங்கும் உரிமை கிடையாது. அவர்களுள் ஆண்கள் ஆண்டுக்கு 12 ட்ரக்மா தலைவரி கட்ட வேண்டும் என்ற நிலையில், இந்த உரிமையின் அருமை எளிதில் விளங்கும். கடைசியாக, குடிமக்களோடு சேர்ந்து படையில் பணியாற்றவும், அவர்களோடு சமமாகப் போர்க்கால வரி செலுத்தவும் அவருக்கு அனுமதி வழங்கப்பட்டது. வரி கட்டுவதையும் போருக்குப் போவதையும் ஒரு மரியாதையாகக் கொடுத்திருப்பது இன்றைய வாசகருக்கு வியப்பாகலாம்; ஆனால் வெளியூரான் என்ற வரிசையிலிருந்து எடுத்துத் தம்முள் ஒருவராக நிறுத்துவதற்கு அந்நகரத்தார் கண்ட வழி அது.

இத்தகைய தீர்மானங்கள் பலவற்றில், நன்மை செய்தோருக்கு இந்த மக்கள் நன்றி மறவார் என்பதைக் கண்டு மற்றவர்களும் முந்திக்கொண்டு உதவ முன்வர வேண்டும் என்ற கருத்து வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கும். நாளைய தேவையை எண்ணித்தான் இன்று பாராட்டுகிறோம் என்று ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொள்வதால் அந்தப் பாராட்டு தாழ்ந்துவிடவில்லை. மாறாக, ஊர் தன் பங்குக்கு என்ன செய்யும் என்பதை அது உறுதிமொழியாகவே பதிவு செய்கிறது.

பணமாகக் கொடுத்தவர்கள் மட்டும் இவ்வாறு போற்றப்படவில்லை. பிளாட்டேயா ஊரைச் சேர்ந்த யூடெமோஸ் என்பவர், ஏதென்ஸில் விளையாட்டரங்கமும் நாடக அரங்கும் கட்டப்பட்டபோது 1,000 ஏர் மாடுகளின் உழைப்பை அளித்ததற்காக, லைகர்கஸ் என்ற அரசியல் தலைவரின் முன்மொழிவால் மரியாதை பெற்றார். அடிமையாக இருந்து விடுதலை பெற்று, பணமாற்றுத் தொழிலும் கேடயப் பட்டறையும் நடத்திப் பெருஞ்செல்வரான பாசியோன், நகரத்துக்கு 1,000 கேடயங்களை வழங்கியதோடு ஐந்து போர்க்கப்பல்களுக்கும் ஆள் அமர்த்திக் கொடுத்தவர். அவருக்குக் கிடைத்தற்கரிய குடியுரிமையே அளிக்கப்பட்டது. தலைநகரின் பெரிய அவையில்தான் எல்லாம் நடந்தது என்றும் இல்லை. அட்டிக்காவின் சிற்றூர்களுள் ஒன்றான ஐக்ஸோனே, தன் ஊர்த் திருவிழாவில் நாடகக் குழுவின் செலவை ஏற்று நடத்திய இருவருக்கு ஆளுக்கு 100 ட்ரக்மா மதிப்புள்ள பொன் முடி சூட்டி, தீர்மானத்தைக் கல்லில் வெட்டி, அதன் மேற்பகுதியில் நகைச்சுவை நாடகத்தின் முகமூடிகளையும் செதுக்கி வைத்தது. அவர்கள் எதற்காகப் பாராட்டப்பட்டார்கள் என்பதை எழுத்தறியாதவரும் அந்த முகமூடிகளைப் பார்த்தே அறிந்திருப்பர்.

பொதுத்தேவைக்கு மக்கள் தாமாக முன்வந்து கொடுக்கும் ‘எபிடோசிஸ்’ என்ற நன்கொடைத் திரட்டலும் இதனோடு இணைந்த ஒன்று. கொடுத்தவர் பெயர் கல்லேறியது போலவே, அவையில் எழுந்து நின்று கொடுப்பதாகச் சொல்லிவிட்டுக் கொடுக்காமல் இருந்தவர்களின் பெயரும் ஊரார் கண்ணில் படும்படி பலகையில் எழுதி வைக்கப்பட்டதாக இசேயஸ் என்ற வழக்குரை எழுத்தாளர் தெரிவிக்கிறார். கி.மு. 3ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நடந்த ஒரு திரட்டலில் ஒருவர் 50 ட்ரக்மாவுக்குக் குறைந்தோ 200 ட்ரக்மாவுக்கு மிகுந்தோ கொடுக்கக் கூடாது என்று வரம்பு கட்டப்பட்டது. 50 ட்ரக்மாவும் ஏழைக்கு எட்டாத தொகைதான். எனினும் ஒரே செல்வர் மொத்தத் தொகையையும் கொடுத்துப் பெயர் முழுவதையும் தாமே எடுத்துக்கொள்ள முடியாதபடி செய்த அந்த மேல்வரம்பு, ஆழ்ந்து எண்ணத்தக்க ஏற்பாடு.

இந்தப் பாராட்டு முறையின் ஒரு குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கப்பலைச் செலுத்திய மாலுமியும், துறைமுகத்தில் மூட்டை இறக்கிய கூலியாளும், வீடுகளில் மாவரைத்த அடிமைப் பெண்ணும் அந்தத் தட்டுப்பாட்டுக் காலத்தில் ஊரைத் தாங்கியவர்களே. அவர்களுக்காக இவ்வாறு ஒரு கல் நடப்படவில்லை.

மரியாதை மலிந்துவிடக் கூடாது என்ற கவலையும் அந்தச் சமூகத்தில் இருந்தது. பதவியில் இருப்பவர் தம் கணக்கை ஒப்படைத்துத் தணிக்கை முடியும் முன்னர் அவருக்கு முடி சூட்டக் கூடாது என்று சட்டம் இருந்தது. கி.மு. 336இல் டெமோஸ்தெனீஸுக்குப் பொன் முடி சூட்ட வேண்டுமென முன்மொழியப்பட்டபோது, மதில் பழுதுபார்ப்புப் பணியில் அவர் கொடுத்த கணக்கு இன்னும் சரிபார்க்கப்படவில்லை என்பதையும் ஒரு காரணமாகக் காட்டி, அவருடைய அரசியல் எதிராளியான ஏஸ்கினீஸ் வழக்குத் தொடுத்தார். கி.மு. 330இல் நடந்த விசாரணையில் ஐந்தில் ஒரு பங்கு வாக்குகூடப் பெறாமல் அவர் தோற்று ஊரைவிட்டே வெளியேறினார் எனினும், மரியாதை தருவதையே நீதிமன்றத்தில் எதிர்த்துக் கேட்க வழி இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது. கொடுத்த மரியாதையைத் திரும்பப் பெறுவதும் அவ்வாறே விவாதத்துக்குள்ளாயிற்று: முன்னர் வழங்கிய வரிவிலக்குகளை நீக்க லெப்டினீஸ் என்பவர் கொண்டுவந்த சட்டத்தை டெமோஸ்தெனீஸ் கடுமையாக எதிர்த்து, நகரம் சேமிக்கும் பணத்தைவிட அது இழக்கும் நம்பகத்தன்மை பெரிது என்று வாதிட்டார்.

பிற்காலத்தில் இந்தக் கட்டுப்பாடு தளர்ந்தது. கி.மு. 317 முதல் 307 வரை ஏதென்ஸை ஆண்ட ஃபலேரோனைச் சேர்ந்த டிமெட்ரியஸுக்கு 360 சிலைகள் எழுப்பப்பட்டதாகவும், அவர் ஆட்சி கவிழ்ந்ததும் அவை வீழ்த்தப்பட்டதாகவும் பழைய வரலாறு கூறுகிறது. நகரங்களின் வருவாய் சுருங்கி, செல்வர் சிலரின் கொடையையே அவை நம்பத் தொடங்கியபோது, மரியாதைகளும் பெருகி, அவற்றைப் பெறுவோரின் தகுதியை ஆராயும் பழக்கம் குன்றியது. கி.பி. முதல் நூற்றாண்டை ஒட்டி ரோட்ஸ் தீவில் உச்சகட்டமாக ஒரு வழக்கம் நிலைபெற்றிருந்தது. புதிதாக ஒருவருக்குச் சிலை வைக்க முடிவானால், நகரத் தலைவர் ஏற்கெனவே நிற்கும் பழைய சிலைகளுள் ஒன்றைச் சுட்டிக்காட்டுவார். அதன் பீடத்திலிருந்த பெயர் செதுக்கி அழிக்கப்பட்டுப் புதியவரின் பெயர் வெட்டப்படும். டியோ கிறிசோஸ்டம் என்ற சொற்பொழிவாளர் ரோட்ஸ் மக்கள் முன்னிலையிலேயே நீண்ட உரையாற்றி இதைக் கண்டித்தார். பெயர் அழிக்கப்பட்ட பழைய கொடையாளருக்கு மட்டுமன்றி, புதியவருக்கும் இது அநீதி என்பது அவர் வாதம். ஏனெனில், நாளை தம் பெயரும் இதே உளியால் அழிக்கப்படும் என்பதை அவர் நன்கறிவார். அத்தனை பேருக்குச் சிலை வைக்க இயலாதெனில் சிறிய மரியாதை போதுமே என்று கூறிய அவர், ஒலிம்பியாவில் வெற்றி பெற்றோருக்குக் கொடுக்கப்படும் முடி வெறும் ஆலிவ் இலைகளால் ஆனது என்பதையும், அதற்காக மனிதர்கள் உயிரையும் பொருட்படுத்தாமல் போராடுவது அதைத் தகுதி பாராமல் எவருக்கும் கொடுப்பதில்லை என்பதனால்தான் என்பதையும் அவர்களுக்கு எடுத்துக்காட்டினார்.