கண்மாயில் தொடங்கும் கடல்

விருதுநகர் மாவட்டத்தின் நரிக்குடி, வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் நெல் விளையும். நிறையாத ஆண்டில் சீமைக்கருவேல் வெட்டிக் கரிமூட்டம் போடுவதே பலருக்குப் பிழைப்பு. இத்தகைய ஊரின் மாணவர்களுக்குக் கடற்கரைச் சூழலியல் களப்பயணம் எதற்கு என்னும் வினா எழலாம். அதற்குக் கிருதுமால் நதியே விடை. நரிக்குடிப் பகுதி வழியே வரும் அந்நதி குண்டாற்றோடு சேர்வது. குண்டாறோ மூக்கையூர் அருகே மன்னார் வளைகுடாவில் கலப்பது.

வளைகுடாவின் வளம்

இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைக் கொண்ட கடற்பரப்பு 1986ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாகவும், அதனை உள்ளடக்கிய வளைகுடாப் பகுதி 1989ஆம் ஆண்டு உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டன. மீனவர் ஆவுளியா என்றழைக்கும் கடற்பசு இங்குள்ள கடற்புல்லை மேய்ந்து வாழ்கிறது. இறாலும் நண்டும் தம் இளம்பருவத்தைக் கழிப்பதும் அப்புல்வெளியிலேதான்.

மூழ்கிய தீவுகள்

முன்பு கட்டுமானத்திற்கும் சுண்ணாம்பிற்கும் பவளப்பாறைகள் வெட்டி எடுக்கப்பட்டன. அலைகளைத் தடுத்த அரண் அழிந்ததால் தீவுகளைக் கடல் அரித்தது. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய இரு தீவுகள் நீரில் மூழ்கின. வான்தீவைக் காக்கச் செயற்கைப் பாறைகள் கடலில் இறக்கப்பட்டுள்ளன.

கண்மாய்க்கும் பவளத்திற்கும் உள்ள உறவு

பவளம் ஓர் உயிரினம். அதன் உடலில் வாழும் நுண்பாசிகள் கதிரொளியால் உணவு ஆக்கி அதற்கு ஊட்டுகின்றன. கடல்நீர் மிகுதியாக வெப்பமடைந்தால் அப்பாசிகள் நீங்கிப் பவளம் வெளுக்கிறது; 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இவ்வளைகுடாவில் அவ்வாறு நிகழ்ந்தது. வண்டல் கலங்கிய நீரும் ஒளியை மறைத்துப் பவளத்தை நலிவிக்கும்.

கரை உறுதியான கண்மாய், வெள்ளத்தை நிறுத்தி வண்டலைத் தன்னிடம் தங்கவைக்கிறது; தெளிந்த நீரே கலுங்கு வழியே அடுத்த கண்மாய்க்குச் செல்கிறது. கரை உடைந்தாலோ வண்டலும் வரத்துக்காலில் வீசப்பட்ட நெகிழிப்பையும் வெள்ளத்தோடு ஆற்றில் சேர்கின்றன. கடலை அடையும் அப்பையைச் சொறிமீன் என்று கருதி ஆமை விழுங்குகிறது.

கடற்கரையில் நின்று அழகை மட்டும் கண்டு திரும்புவது சுற்றுலா. கண்டதன் காரணத்தைத் தேடுவது களப்பயணம். உள்நாட்டு மாணவரின் களப்பயணக் குறிப்பேட்டில் முதல் பக்கம் கடற்கரைக்கு உரியதன்று. தம் ஊர்க் கண்மாய்க் கலுங்கில் நின்று, இந்நீர் எங்கே செல்கிறது என்று வினவி எழுதுவதற்கு உரியது.